எழுந்திருக்க விடாத பந்தி

அன்றைக்கு அந்த வார்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் ஆறு பேர். சிஸ்டர் ஒருவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர். சமையலறையிலிருந்து சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மலாய்க்கார அம்மா ஒருவர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர். அப்புறம் அட்டெண்டன்ட் அந்தோணி, அதாவது நான். மொத்தம் பதினொரு பேர்.

இப்படி எண்ணிச் சொல்வது எனக்குப் பழகிப்போன வியாதி. அந்த வார்டில் என் வேலையே அதுதான். கதவைத் திறந்தால் எண்ண வேண்டும், டீ கொடுத்தால் எண்ண வேண்டும், ஒருவர் கழிவறைக்குப் போனால் மற்றவர்களை எண்ண வேண்டும். ஆறு இருந்தால் மூச்சு விடலாம். ஐந்து என்றால் ஓட வேண்டும். ஒருமுறை ஏழு வந்துவிட்டது. பக்கத்து வார்டுக்கு வந்த ஒரு பார்வையாளர் எங்கள் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். ஐந்து வந்தபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

புதிதாக இந்த வேலையில் சேரும் தம்பி தங்கைகளே, நீங்கள் வேலைக்கு வரும்போதே டிமென்ஷியா என்ற சொல்லைப் பாடத்தில் படித்துவிட்டு வருகிறீர்கள். நான் சொல்வது எண்பதுகளின் நடுப்பகுதி. ரயிலுக்காக ஊரெங்கும் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த காலம். வயதானவர் வழி தெரியாமல் திரிந்தால் ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். கை மீறிப் போனால் தீவின் அந்தக் கோடியில் இருந்த பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே கதவுக்குப் பூட்டு உண்டு. எங்கள் டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. அவரவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சாதாரண மருத்துவமனையிலேயே, இந்த நோய்க்கென்று ஒரு வார்டு வேண்டும், பூட்டக் கூடாது, கட்டிவைக்கக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அவர் தொல்லை தாங்காமல் பழைய ஸ்டோர் ரூம் ஒன்றையும் ஆறு படுக்கைகளையும் கொடுத்தார்கள். மூன்று மாதம் சோதனை.

வார்டைத் திறந்த அன்று அந்த அதிகாரி வந்திருந்தார். மெலிந்த சீனர். கழுத்து டையைக்கூட ஸ்கேல் வைத்துக் கட்டியதுபோல இருக்கும். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

“டாக்டர், சாப்பாட்டு நேரத்தில்தான் இவர்கள் எழுந்து நடக்கிறார்கள் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மதியச் சாப்பாட்டுக்கு வருவேன். பூட்டு இல்லாமல், கட்டு இல்லாமல், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தால் வார்டு இருக்கும். ஒருவர் வெளியே போனாலும் மூடிவிடுவோம்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரிய விஷயங்கள் தெரியாது. ஆனால் அடுத்து என்ன கெட்டுப்போகும் என்பதை மட்டும் யாரும் கேட்காமலேயே யோசித்து வைத்திருப்பேன்.

திட்டமிடுவதற்கு ஒரு குழு போட்டார்கள். கதவு கண்ணில் பட்டால்தானே வெளியே போவார்கள், கதவைச் சுவர் நிறத்திலேயே பூசிவிடுவோம் என்றார் ஒருவர். பூசினோம். நோயாளிகள் மறுநாள் காலையிலேயே கதவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டாக்டர்களுக்குத்தான் தெரியவில்லை. ரத்தம் எடுக்க வந்த பெண் சுவரோரமாகத் தடவிக்கொண்டே இரண்டு சுற்றுச் சுற்றி அழாத குறையாக நின்றாள். பழைய பழுப்பு நிறத்தையே திரும்ப அடித்தோம். அடுத்ததாக ‘வெளியே செல்லாதீர்கள்’ என்று நான்கு மொழிகளில் பெரிய பலகை எழுதி மாட்டினார்கள். அதுவரை வெளியே போகும் எண்ணமே இல்லாமல் படுத்திருந்த செபாஸ்டியன் சார் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் படித்து முடித்து, “அப்படி என்னதான் இருக்கு வெளிய?” என்று பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சாப்பாட்டு நேரம் வந்தால் இன்னும் மோசம். தட்டுகளின் சத்தம் கேட்டதும் ஆறு பேரும் எழுவார்கள். ஆ செங் அங்கிள் டாக்ஸி ஓட்டிய சீனர். ஷிஃப்ட் மாற்ற வேண்டும் என்று தலையணை உறையில் துணிகளை அடைத்துக்கொண்டு நிற்பார். பாக் மாட் சாங்கிக் கடலோரம் படகு வைத்திருந்த மலாய்க்காரர். தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். சூப் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நான் ஒருவரை உட்கார வைத்துத் திரும்பினால் இரண்டு பேர் எழுந்திருப்பார்கள்.

இவர்களில் கோவிந்தசாமி ஐயா தனி. சிராங்கூன் ரோட்டுக் கல்யாணங்களில் நாற்பது வருஷம் பந்தி பார்த்தவர். சமையல்காரர் இல்லை. யாரை எங்கே உட்கார வைப்பது, எந்த இலைக்கு என்ன குறைகிறது, யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் தொழில். மற்றதெல்லாம் போன பிறகும் அந்தக் கண் மட்டும் அவரிடம் இருந்தது. ஒருமுறை வீட்டிலிருந்து நழுவி, ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் நின்றுகொண்டு, ஆணி வாங்க வந்தவர்களை எல்லாம் “சாப்டீங்களா? திருப்தியா?” என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவருக்கு ஒரே மகள், சரோஜா. காலாங் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. அம்மா கிடையாது. வார்டுக்கு வருவதற்கு முன் அப்பாவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“இந்த வார்ட மூடிட்டா அப்பாவ அந்தக் கோடிக்கு அனுப்புவாங்களா அண்ணே?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

“அப்படித்தான் சொல்றாங்கம்மா.”

“அங்க பூட்டித்தானே வைப்பாங்க? பூட்டுறதுக்கு நானே போதும்லா. அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?”

வீட்டுச் சாவியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே போனாள். அன்றிலிருந்து அந்த வார்டு எனக்கு ஆறு படுக்கையாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் சாவியாகத்தான் தெரிந்தது.

சோதனைக் காலம் பாதி கழிந்த பிறகு ஒரு மதியம் சரோஜா அப்பாவுக்குச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். வாழை இலைப் பொட்டலம். இலையைக் கண்டதும் கோவிந்தசாமி ஐயாவின் முதுகு நிமிர்ந்தது. சாதத்தை ஒரு தட்டில் தள்ளிவிட்டு, இலையை மட்டும் எடுத்துக்கொண்டு நீள மேசைக்குப் போனார். விரித்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு கதவருகே மூட்டையோடு நின்ற ஆ செங் அங்கிளின் தோளில் கை வைத்தார்.

“வாங்க, வாங்க. நிக்கக் கூடாது. இலை போட்டாச்சு.”

ஆ செங் அங்கிளுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பின்னாலேயே பாக் மாட். பின்னாலேயே செபாஸ்டியன் சார். மற்ற இருவர் எப்போது உட்கார்ந்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆறாவது ஆள் பரிமாறிக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை. ஐயா கடைசி ஆள் வரை பார்த்துவிட்டு, “ம், எழுந்திருக்கலாம்” என்றதும்தான் எழுந்தார்கள்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. “ஏன் அந்தோணி? ஏன் உட்கார்ந்தாங்க?”

“பந்தில பாதில எழுந்தா பக்கத்துல சாப்பிடுறவரை அவமானப்படுத்துன மாதிரி டாக்டர். எல்லாரும் முடிக்கணும்.”

“அது நமக்கு. ஆ செங்குக்கு?”

அது எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்துக் குழுவுக்கு எழுதினார். சிஸ்டர் பந்தி என்றே சொன்னார். தினமும் தேக்கா மார்க்கெட்டில் இலை வாங்கிவருவது என் பொறுப்பாயிற்று. சமையலறையிலிருந்து ஆறு பேருக்கும் சைவச் சாப்பாடு வரவழைத்தோம். யாருக்கும் எதற்கும் வம்பில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பயம் அதிகமாகும். அதிகாரி வரும் நாள் காலையில் தரையை மூன்று முறை துடைத்தேன். இலையில் பூச்சி இருக்குமோ என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வேலைக்குப் போகும் வழியில் சரோஜா ஒரு தூக்கு நிறைய சேமியா பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவள், அடுத்த ஷிஃப்டுக்கும் போய்க்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராகக் கோவிந்தசாமி ஐயாவிடம் போய், “ஐயா, இன்னைக்கு ரொம்ப முக்கியமான ஆள் சாப்பிட வர்றாரு. பெரிய இடம். கொஞ்சம் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டேன்.

தம்பி தங்கைகளே, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு மேற்கொண்டு எண்ணெய் ஊற்றாதீர்கள். பந்தி பார்ப்பவருக்குப் பெரிய இடத்து முக்கியமான ஆள் என்றால் ஒருவர்தான். மாப்பிள்ளைக்கு அப்பா.

சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு அதிகாரி வந்தார். கையில் ஃபைல். ஓரமாக நின்று பார்ப்பதாகச் சொன்னார். கோவிந்தசாமி ஐயா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“சம்பந்தி நிக்கலாங்களா? எங்கள யாரு மதிப்பா? வாங்க, வாங்க.”

அதிகாரி டாக்டரைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

“உட்காரச் சொல்கிறார் சார்,” என்றார் டாக்டர். முழுதும் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆ செங் அங்கிளுக்கும் பாக் மாட்டுக்கும் நடுவில் உட்கார வைத்தார் ஐயா. இலை விழுந்தது. பொரியல், கூட்டு, அப்பளம், சாதம், சாம்பார். அதிகாரி மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயையோ! இன்னும் ரசமே வரலீங்களே!”

ஐயா ஒரு கையில் வாளியோடு எதிரில் வந்து நின்றார். தொடவில்லை. அவர் முகத்தில் இருந்த அதிர்ச்சியைப் பார்த்தால் யாராக இருந்தாலும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆ செங் அங்கிள் வேறு, நிமிர்ந்து பார்த்து ஹொக்கியன் சீனத்தில் என்னவோ சொன்னார். கார் இன்னும் தயாராகவில்லை, அவசரப்படாதே என்றாராம். அதிகாரி உட்கார்ந்தார்.

ஐயாவை மெல்ல அப்புறப்படுத்திவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். என் செருப்பின் மேல் சிஸ்டரின் ஷூ இறங்கியது. அந்த அம்மா பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எங்களிடம் மலாயில்தான் பேசுவார்.

“எங்க போற?”

“சிஸ்டர், அதிகாரிய உட்கார வெச்சிட்டாரு. கோவிச்சுக்கிட்டா வார்டு போயிடும்.”

“நீ நடுவுல போனா பந்தி கலையும். ஆறு பேரும் எழுவாங்க. போகாட்டி அதிகாரிக்கு வயிறு வலிக்கும், அவ்வளவுதான்லா. பேசாம நில்லு.”

நின்றேன். இந்த வேலையில் எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டவற்றிலேயே கஷ்டமானது அதுதான். கெட்டுப்போகும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

ரசம் முடிந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து, கதவை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டார். கதவு விரியத் திறந்திருந்தது. பின்னாலிருந்து ஐயாவின் குரல் கம்மிப்போய் வந்தது.

“பாயசம் சாப்பிடாமப் போறீங்களே. பொண்ணு வீட்டுல என்ன தப்பு நடந்துச்சு? சொல்லிட்டுப் போங்க. திருத்திக்கிறோம்.”

வரிசையில் இருந்த ஐந்து பேரும் கையை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார்கள். பாக் மாட்டின் நாற்காலி கிரீச்சென்றது. எழப்போகிறார்.

“இப்போது என்ன சொல்கிறார்?” என்றார் அதிகாரி.

டாக்டருக்கு வேறு வழியில்லை. “நீங்கள் மாப்பிள்ளையின் அப்பா சார். கோபித்துக்கொண்டு போகிறீர்களோ என்று பயப்படுகிறார்.”

“யார் மாப்பிள்ளை?”

“அது இன்னும் முடிவாகவில்லை சார்.”

அதிகாரி பாக் மாட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். பாக் மாட்டும் உட்கார்ந்தார். பாயசம் வந்தது. அதிகாரி ஒரே மடக்கில் குடித்தார். சுத்தமான மனிதர் அல்லவா, இலையை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அழகாக மடித்தார். எழுந்தார். ஆனால் மடித்தது எதிர்ப்பக்கம்.

கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாகத்தான் மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில். அதிகாரிக்கு அது தெரிய என்ன நியாயம் இருக்கிறது? கோவிந்தசாமி ஐயாவின் கையிலிருந்த வாளி மெதுவாகக் கீழே இறங்கியது. இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“யாரு தவறிட்டாங்க?” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்த ஆ செங் அங்கிள் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். செபாஸ்டியன் சார் சிலுவை போட்டுக்கொண்டு, மரித்தோருக்கான ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். நானும் பழக்க தோஷத்தில் ஆமென் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு வண்டிக்கார அம்மா என்னவென்று கேட்காமலேயே முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“யாராவது இறந்துவிட்டார்களா?” என்று நின்றபடியே கேட்டார் அதிகாரி.

“இல்லை சார்,” என்றார் டாக்டர்.

“பிறகு ஏன் எல்லோரும் அழுகிறார்கள்?”

ஆ செங் அங்கிள் மூட்டையைத் தேட ஆரம்பித்தார். துக்க வீட்டில் யாரும் வரிசை பார்த்து எழுவதில்லை. இன்னும் அரை நிமிஷம் போனால் ஆறு பேரும் ஆறு திசையில் போவார்கள். நான் சிஸ்டர் காதில், இலையை மடித்த விதத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“இலை திறந்திருந்தா?”

“திறந்திருந்தா இன்னும் சாப்பிடுறாருன்னு அர்த்தம் சிஸ்டர்.”

சிஸ்டர் நேராக அதிகாரியிடம் போனார். “சார், தயவுசெய்து இலையைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாதம் கேளுங்கள்.”

“என்னால் முடியாது. தொண்டை வரை இருக்கிறது.”

“நீங்கள் கேட்காவிட்டால் இது இழவு வீடு சார்.”

அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. உட்கார்ந்தார். மடித்த இலையைப் பிரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். கோவிந்தசாமி ஐயாவைப் பார்த்து, விரலால் இலையைக் காட்டினார்.

ஐயாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. “அதானே பாத்தேன்! ஃபேன் காத்துல இலை மடிஞ்சிருக்கு. அதுக்குள்ள என்னென்னமோ பேசுறீங்க” என்று எங்களையெல்லாம் அதட்டிவிட்டு, ஒரு குவியல் சாதத்தைக் கொட்டினார். ஆ செங் அங்கிளின் அழுகை பாதியில் நின்றது. செபாஸ்டியன் சார் அதே ஜெபத்தைச் சாப்பாட்டு ஜெபமாக மாற்றி முடித்தார். அதிகாரி பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில் நான் போய், என் கையாலேயே காட்டி, இந்தப் பக்கமாக மடிக்க வைத்தேன்.

“ம், எழுந்திருக்கலாம்,” என்றார் ஐயா.

தாழ்வாரத்தில் அதிகாரி சுவரில் சாய்ந்து நின்றார். ஃபைலைத் திறக்கவே இல்லை. “நான் கேட்டது ஒரே கேள்வி. சாப்பாட்டு நேரத்தில் யாராவது வெளியே போகப் பார்த்தார்களா?”

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் சொல்லிவிட்டார். “ஒருவர் சார். மூன்று தடவை எழுந்தார்.”

இந்த அம்மா ஏன் இப்படிக் காட்டிக்கொடுக்கிறார்?

“எந்த நோயாளி?”

“நீங்கள்தான் சார்.”

அதிகாரி சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

“பூட்டினோமா சார்?”

அவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். “இல்லை.”

“கட்டினோமா?”

“இல்லை.” வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார், “அப்புறம் எப்படி என்னை உட்கார வைத்தீர்கள்?”

“அதைத்தான் சார் டாக்டர் இத்தனை நாளாக உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்,” என்றார் சிஸ்டர்.

அதிகாரி சிரித்தார் என்று சொல்ல முடியாது. ஏப்பம் வந்தது, அடக்கிக்கொண்டார். “வார்டு இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார். மிக மெதுவாகத்தான் போனார்.

ஷிஃப்டின் இடைவேளையில் சரோஜா ஓடிவந்தாள். ஃபேக்டரி மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு நல்ல செய்தி சொல்லிப் பழக்கமில்லை. சிஸ்டர்தான், “அப்பா இங்கதான்லா” என்றார். அவள் வாசலிலேயே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மற்றவர்கள் தூங்கப் போயிருந்தார்கள். கோவிந்தசாமி ஐயா மட்டும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். தெரிந்ததா, தெரியவில்லையா என்று சொல்ல முடியாது. முகம் வாடியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

“நிக்கக் கூடாதும்மா. உக்காரு.”

மிச்சமிருந்த ஒரே இலையை விரித்தார். தண்ணீர் தெளித்தார். சரோஜா உட்கார்ந்தாள். தனி ஆளாகப் பந்தியில் உட்கார வைக்கக் கூடாது என்று ஐயா என்னைப் பார்த்த பார்வையில் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் சிஸ்டர் உட்கார்ந்தார். ஐயா மிச்சமிருந்த சாதமும் சாம்பாரும் போட்டார். சரோஜா இரண்டு வாய் வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அப்பா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா.”

“ரசம் வரட்டும்,” என்றார் அவர்.

அவள் எழுந்திருக்கவில்லை.